ஓட்டோஃபோகஸ்: தன்குவியமா, தற்குவிப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கமரா தானே தூரம் பார்த்துப் படத்தைத் தெளிவாக்கும் ஓட்டோஃபோகஸுக்குத் தமிழில் ‘தன்குவியம்’ என்றே முடிவுசெய்துவிடலாம் என்று நம் குழுவின் நேற்றைய மடலில் கண்டேன். கொஞ்சம் பொறுங்கள். குவியம் என்பது ஒளி வந்து குவியும் புள்ளி, வில்லையோடு (லென்ஸோடு) கூடப் பிறந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். கமரா அதை மாற்றுவதில்லை. வில்லையை நகர்த்திப் பிம்பத்தைப் பிலிமில் தெளிவாக விழுத்துகிறது. செயலுக்கல்லவா பெயர் தேடுகிறோம்?

1977இல் வந்த கொனிக்கா சி35 ஏஎஃப், பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட முதல் ஓட்டோஃபோகஸ் கமரா. முகப்பில் இரண்டு சிறு சாளரங்கள். உள்ளே ஓர் ஆடி அசையாது, மற்றது திரும்பும். இரண்டு பிம்பங்களும் ஒத்துப்போகும் இடத்தில் தூரம் தெரிந்துவிடும். வெள்ளையடித்த வெறும் சுவரைக் காட்டினால், ஒப்பிட ஒன்றுமின்றித் தடுமாறும். 1979இல் வந்த கனன் ஏஎஃப்35எம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் (இன்ஃப்ராரெட்) கதிரை அனுப்பித் தூரம் பார்த்தது, இருட்டிலும் பார்க்கும்.

கிளிநொச்சியில் மாமாவிடம் இப்படியொரு கமரா இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குப் பற்றரி வரவிடாத காலம். அது தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது; பற்றரி அறையில் களிம்பு பூத்திருந்தது. அக்காவின் சாமத்தியச் சடங்குக்கு வந்த ஸ்ரூடியோக்காரர், மணையிலிருந்து தன் பழைய கமராவரைக்கும் அடிவைத்து எண்ணி நடந்து, வளையத்தைத் திருப்பினார். சனம் சிரித்தது. படத்தில் அக்காவின் நெற்றிச்சுட்டிக் கல்லை எண்ணலாம். அவர் கையால் செய்தது குவிப்பு. மாமாவின் கமரா தானே செய்வது தற்குவிப்பு.

தன்னும் குவிப்பும் சேர்ந்தால் தற்குவிப்பு; தற்காப்பு போலத்தான் புணர்ச்சி. தற்கொலை ஞாபகம் வருகிறதென்று ஒருவர் நிச்சயம் எழுதுவார், எழுதட்டும். படத்தைக் கூராக்குவதால் ‘தற்கூர்ப்பு’ என்றாலும் காதுக்கு இனிமைதான். ஆனால் எங்கள் இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்றால் உயிர்களின் பரிணாமம். கமராவுக்கு எப்போது வால் உதிரும் என்று பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

மறுமொழி, முல்லைத்தீவிலிருந்து:

ஐயா, தற்குவிப்புக்கு என் வாக்கு. பிந்திய கமராக்களில் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தால் தூரம் மாறாமல் நிற்குமே, அதற்குக் ‘குவிப்புப் பூட்டு’ சரியா?

மறுமொழி:

தம்பி, ‘குவிப்புப் பிடி’ என்று வையுங்கள். பூட்டென்றால் திறப்பு வேண்டும். இதற்கு விரலை எடுத்தால் போதும்.