32 வயசுல உயில் எதுக்குங்க? பூமி, கூட்டுக் கிணறு, பி.எஃப். சம்பந்தமா ஒரு கேள்வி

நொய்யல்கரை:
வணக்கங்க. அவினாசிப் பக்கம் அப்பா இருக்கிறப்பவே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த 3 ஏக்கர் பூமி, கிணத்துல பங்கு, பி.எஃப்., ஒரு இன்சூரன்ஸ் பாலிசி. வயசு 32. அப்பா இல்லீங்க. அம்மா, மனைவி, 4 வயசு மகள். எல்லாத்துக்கும் நாமினி போட்டாச்சு. உயிலும் வேணுமா, இல்ல 60க்கு மேல பார்த்துக்கலாமா?

மூலப்பத்திரம்:
மகள் மைனரா இருக்கிற இந்த வயசுலதாங்க உயில் ரொம்ப அவசியம். பூமிக்கு நாமினியே கிடையாது. உயில் இல்லைன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, மகள் மூணு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர். மகளோட ஏக்கரை அவளுக்கு 18 ஆகும் வரை கோர்ட் அனுமதி இல்லாம உங்க மனைவி விக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அவ படிப்புச் செலவுக்குன்னாலும் அதே கதிதான். அம்மாவோட ஏக்கர் பின்னாடி உங்க கூடப்பிறந்தவங்களுக்கும் பிரியும்.
பூமி முழுக்க மனைவிக்கு, அவங்க உங்களுக்கு முன்னாடியே தவறிட்டா மகளுக்கு, அம்மாவுக்கு ஆயுள் வரை அனுபவ பாத்தியம்னு எழுதிட்டா இந்தச் சிக்கல் வராது.
பேங்க் டெபாசிட்ல நாமினி பணத்தை வாங்கி வைக்கிறவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. இன்சூரன்ஸ்ல மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியா இருந்தா தொகை அவங்களுக்கே. பி.எஃப். நாமினி கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதுன்னா செல்லாது, உடனே மாத்துங்க.

காங்கேயத்தான்:
நம்ம பக்கம் உயில் இருந்தும் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போறது பெரும்பாலும் கிணத்தாலயும் தடத்தாலயும்தான். "என் தோட்டம் முழுவதும்"னு ஒரே வரியில எழுதாதீங்க. செட்டில்மெண்ட் பத்திரத்துல இருக்கிற சொத்து விவரத்தை அப்படியே எடுத்து எழுதுங்க: சர்வே எண், உட்பிரிவு, ஏக்கர் சென்ட், நான்கு எல்லை. அதுக்குக் கீழ, "மேற்படி பூமியில் உள்ள கிணற்றில் 4-ல் 1 பங்கும், 8 நாளைக்கு 2 நாள் தண்ணீர் முறையும், மின் இணைப்பு எண் இன்னதும், மோட்டாரும், கிழக்கு ஓரம் 12 அடி வண்டித்தடப் பாத்தியமும் சேர்த்து" என்கிற மாதிரி உங்க அளவைப் போட்டு எழுதணும். கரண்டு சர்வீஸ் இன்னும் தாத்தா பேர்ல இருந்தா இப்பவே மாத்திடுங்க. பட்டாவுலயும் பத்திரத்துலயும் இனிஷியல் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. கூட்டுப் பட்டான்னா உட்பிரிவுக்கு மனு கொடுங்க.

மூலப்பத்திரம்:
எழுதுற முறையையும் சொல்லிடறேன். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். ரெண்டு சாட்சி முன்னால நீங்க கையெழுத்துப் போடணும், அப்புறம் அவங்க உங்க முன்னாலயே போடணும். நாளைக்கு வழக்குன்னு வந்தா ஒரு சாட்சியாவது கூண்டேறி "நான் பார்த்தேன்"னு சொல்லணும். அதனால உங்களைவிடச் சின்ன வயசு ஆளா, சொத்துல பங்கு வாங்காதவரா பாருங்க. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து, தேதி கட்டாயம் இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனா பத்திர ஆபீஸ்ல பதிஞ்சா போலின்னு சொல்றது கஷ்டம். எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தி எழுதலாம், கடைசியா எழுதினதுதான் நிக்கும்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. தங்கச்சி கோவையில வேலை, சொந்தச் சம்பளத்துல ஃபிளாட் வாங்கியிருக்கு. வீட்டுக்காரர் தவறிட்டார், குழந்தை இல்லீங்க. அதுக்கும் வேணுங்களா?

மூலப்பத்திரம்:
உங்களுக்கு முன்னாடி அவங்க எழுதணுங்க. உயில் இல்லாம போனா, அதே 1956 வாரிசுரிமைச் சட்டத்தோட 15-ஆம் பிரிவுப்படி அந்த ஃபிளாட் முதல்ல கணவரோட வாரிசுகளுக்குப் போகும். அப்படி யாருமே இல்லைன்னாதான் உங்க அம்மாவுக்கு வரும். சுயமாச் சம்பாதிச்சதுன்னாலும் இதே விதிதான்னு 2009-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அப்பா, அம்மாகிட்ட இருந்து வாரிசா வந்த சொத்து மட்டும் அப்பாவோட வாரிசுகளுக்குத் திரும்பும்.

காங்கேயத்தான்:
அம்மா பேர்ல ஏதாவது பூமி இருந்தா அவங்களையும் உயிலே எழுதச் சொல்லுங்க. செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டா அன்னிக்கே சொத்து கைமாறிடும், அவங்களா நினைச்சு ரத்து பண்ண முடியாது. எழுதித்தான் ஆகணும்னா, "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்கிற நிபந்தனை பத்திரத்துக்குள்ளயே இருக்கணும். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல புகார் கொடுக்க அந்த வரிதான் கைகொடுக்கும்.