ரிக்கில் ரவுஸ்டபவுட்டாகச் சேருகிறவருக்கு

வியாசர்பாடியிலிருந்து வளைகுடா வந்து மூணு நாள் ஆகுது, கேம்பில் இருக்கேன். நாளை மறுநாள் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்கில் ரவுஸ்டபவுட் வேலை, அதாவது பைப், மூட்டைன்னு எல்லாத்துக்கும் கூப்பிடுற எடுபிடி வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கின உடம்பு, பாரத்துக்குப் பயமில்லை. வேற என்ன தெரிஞ்சுக்கணும் அண்ணா?

—

மூட்டை தூக்கின பழக்கம்தான் இங்கே முதல் ஆபத்து, தம்பி. கிணறு துளைக்கும் 5 அங்குல ட்ரில் பைப் ஒன்று ஏறக்குறைய 31 அடி நீளம், 270 கிலோவுக்கு மேல். அது கிரேனும் ஃபோர்க்லிஃப்டும் தூக்க வேண்டியது. 12 மணி நேர ஷிஃப்ட் முழுக்க உன் கையும் காலும் எங்கே இருக்குங்கிறதுதான் உன் வேலை.

பைப் ரேக்கில் இரண்டு பைப்புக்கு நடுவே காலை வைக்காதே. உருட்டும்போது முனைப் பக்கம் நின்று தள்ளு, உருட்டி முடித்ததும் ஆப்பு வை. சரிவில் ஆப்பு இல்லாத ஒரு பைப் மொத்த அடுக்கையும் கிளப்பிவிடும். தொங்கும் பாரத்தை அதில் கட்டிய டேக் லைன் கயிற்றால் திருப்பும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. பாரம் சுழன்றால் விரலும் கூடவே போகும். கிரேன்காரருக்குச் சைகை காட்டுவது ஒரே ஆள். 'நிறுத்து' மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், புது ஆளும்தான்.

கிணற்றுக்குள் செலுத்தும் சேறு கலக்கும் இடத்தில் பேரைட், பென்டோனைட் தூள் மூட்டைகளுக்குத் தூசு மாஸ்க் கட்டாயம். காஸ்டிக் சோடா வேறு விஷயம். கண்ணாடி, முகக் கவசம், ரப்பர் கையுறை, ஏப்ரன் நான்கும் வேண்டும். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். மூட்டையைப் பிரிக்கும் முன் கண் கழுவும் குழாயைத் திறந்து பார்.

கிணற்றிலிருந்து வரக்கூடிய விஷ வாயு எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு). அதற்கு அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். மூக்கை நம்பாதே. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும், வாயு போய்விட்டதென்று நினைத்துக்கொள்வாய். நெஞ்சில் மாட்டிய மீட்டர் பெரும்பாலும் 10 பிபிஎம்மில் கத்தும். கத்தினால் காற்றுத் திசை காட்டும் துணிப் பையைப் பார்த்து, காற்றை எதிர்த்து மேட்டுக்குப் போ. கிணறு அந்த வழியிலேயே இருந்தால் முதலில் குறுக்கே விலகு. காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தேங்கும். விழுந்தவரைத் தூக்க மாஸ்க் இல்லாமல் இறங்குகிறவர் இரண்டாவது பிணம். தாடியை மழித்துவிடு, இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது.

இன்னொன்று. சென்னையில் வேர்வை சட்டையை நனைத்துக் காட்டிக்கொடுக்கும். பாலைவனத்தில் தோலிலேயே காய்ந்துவிடும். தாகத்துக்குக் காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடி.

—

சில மாதத்தில் பைப்பை இறக்கி ஏற்றும் மேடையான ஃப்ளோரில் ஆள் குறைந்தால் மேலே கூப்பிடுவார்கள். பைப்பைக் கவ்விப் பிடிக்கும் ஆப்புகளான ஸ்லிப்ஸைப் பைப் நின்ற பிறகுதான் போடணும். ஓடும் பைப்பில் போட்டால் கைப்பிடி எகிறி முதுகைப் பிடிக்கும். காலால் உதைத்து இறக்கும் கெட்ட பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, கற்றுக்கொள்ளாதே. பைப்பைத் திருகும் பெரிய குறடான டாங் சுழலும் வட்டத்துக்குள் நிற்காதே: அதன் கடிக்கும் பல்லான டை தேய்ந்து வழுக்கினாலும் கட்டுக் கம்பி அறுந்தாலும் அது வீசிவிடும்.

—

நான் வேற ஆள் அண்ணா, இன்னும் சென்னையில்தான் இருக்கேன். பத்தாவது ஃபெயில். ஏஜென்ட் விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்ங்கிறார். சரியா?

—

சரியில்லை. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்றிருக்கும். வளைகுடா வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும், அதற்கான அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. விசிட் விசா என்பது அதைத் தாண்டிப் போகிற குறுக்கு வழி. அப்படிப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்காது. ரிக்கில் கை போனால் யார் கேட்பது?

ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் தட்டிப் பார். பதிவான ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வை.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படி: ரிக்கில் ஒரு முறை வேலை முடிந்து ஊருக்கு வரும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா, டிக்கெட் யார் செலவு. மாதச் சம்பளம் பெரிதாகத் தெரிந்தாலும் வீட்டிலிருக்கும் நாளுக்குக் காசு இல்லையென்றால் வருடக் கணக்கு பாதியாகிவிடும். கையெழுத்திட்ட நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.