பாஸ்புக் மீதி முழுக்க டிரஸ்ட் இஷ்டத்துக்குச் செலவழிக்கற பணம் இல்லீங்க

ஓசூர் டிரஸ்டி:
சின்ன டிரஸ்டோட நிலைமை தெரியணும்னா மார்ச் 31 மீதியை மூணாப் பிரிச்சு எழுதுங்க: கார்பஸ் (தொடாம வைக்கணும்னு கொடுத்த மூலதனம்), குறிப்பிட்ட வேலைக்குன்னு வந்து செலவாகாதது, நிபந்தனை இல்லாதது. அஞ்செட்டி பக்கம் மாலை வகுப்பு நடத்தற டிரஸ்ட்னு வச்சுக்குவோம். மீதி 9 லட்சம். கார்பஸ் 1 லட்சம், செலவாகாத சிஎஸ்ஆர் (கம்பெனிங்க சமூகப் பணிக்குத் தர்ற பணம்) 6.40 லட்சம் போனா கையில 1.60. டீச்சர் சம்பளம், வாடகை, கரண்ட் மாசம் 80 ஆயிரம்னா ரெண்டே மாசம்தான் ஓடும். அஞ்சு வருஷத்துக்கு இதை வரிசையாப் போட்டுப் பாருங்க. பல டிரஸ்ட்ல மொத்த வரவு ஏறும், இந்த மூணாவது எண் மட்டும் இறங்கும். கணக்கர் சம்பளமும் ஆடிட் ஃபீஸும் எந்தத் திட்டத்துலயும் ஏறாததுதான் காரணம். சிஎஸ்ஆர் விதியில வர்ற 5% வரம்பு கம்பெனியோட சொந்த நிர்வாகச் செலவுக்கு, நமக்கில்ல. நம்ம பட்ஜெட்ல கணக்கரோட கால்வாசி நேரத்துக்கான சம்பளத்தைத் தனி வரியாப் போட்டுக் கேளுங்க. கேக்காம யாரும் தர மாட்டாங்க.

அரூர் கணக்கர்:
சார் சொன்னதோட மார்ச் செக்கையும் சேத்துக்கணும். கம்பெனிங்க வருஷக் கடைசியிலதான் கொட்டுவாங்க. வரி விலக்கு வேணும்னா வருமானத்துல 85% அந்த வருஷமே செலவாகணும், இல்லேன்னா வருமான வரி ரிட்டர்ன் கெடுவுக்குள்ள ஃபார்ம் 10 (பணத்தை எதுக்கு ஒதுக்கறோம்னு சொல்ற படிவம்) போட்டு அஞ்சு வருஷம் வரைக்கும் ஒதுக்கலாம். அதுல "டிரஸ்ட் நோக்கங்களுக்காக"ன்னு மொட்டையா எழுதினா வம்பு. "ரெண்டு வகுப்பறை, கழிப்பறை"ன்னு எழுதி, பணத்தை பேங்க் டெபாசிட்ல போடுங்க.

சந்தையில அரிசி, பருப்பு வாங்கறீங்களா? ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா அது அந்த 85% செலவுக் கணக்குல நிக்காது. வரவுப் பக்கமும் அப்படித்தான்: மண்டிக்காரர் 2,000-க்கு மேல நன்கொடையை ரொக்கமாத் தந்தா அவருக்கு 80ஜி (நன்கொடைக்கான வரிச் சலுகை) கிடையாது, ஜிபேல வாங்குங்க. நன்கொடையாளர் பட்டியல், அதாவது 10பிடி, மே 31-க்குள்ள. தாமதமானா நாளுக்கு 200 ரூபாய்.

பாலக்கோடு:
டிரஸ்டோட வருமான வரிப் பதிவு முடியற தேதியை யார் பாத்துக்கறாங்க? ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கணும்னு கேள்வி.

அரூர் கணக்கர்:
ஆமாங்க. விட்டுட்டா டிரஸ்டோட நிகரச் சொத்து மேலேயே வரி விழலாம். அஞ்சு கோடிக்குள்ள வருமானம் உள்ளவங்களுக்கு 2025-லிருந்து 12ஏபி (வரி விலக்குக்கான அந்தப் பதிவு) பத்து வருஷத்துக்குக் கிடைக்குது. ஆனா 80ஜி அனுமதி இப்பவும் அஞ்சு வருஷத்துக்குத்தான், ரெண்டு தேதியையும் தனித்தனியாக் குறிச்சு வைங்க.