அப்பாயியோட 1200 ரூபா யாருக்கெல்லாம் போகுது

கோட்டூர்க்காரன்:

எங்க அப்பாயிக்கு முதியோர் உதவித்தொகை வருது, ஊருல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, ஓஏபி பணம்னுதான் பேச்சு. திருவாரூர் மாவட்டம் கோட்டூர் பக்கம் எங்க ஊரு. நெலம் கெடையாது, ஆயுசு பூரா நடவு, களை, அறுப்புன்னு கூலி வேலைதான், அறுப்பு மிஷின் வந்ததுக்கப்புறம் அந்த அறுப்புக் கூலியும் போச்சு.

பணம் வாங்கிட்டு வந்த அன்னிக்கு திண்ணையில ஒக்காந்து மடியில நோட்டப் பரப்பி பிரிக்கும் பாருங்க, யாரும் கேக்க வேணாம், அதுவாவே பிரிக்கும். சித்தியோட குழுக் கடன் தவணைக்கு 400, மளிகைக் கடை பாக்கி 350, மூட்டுவலி மாத்திர தைலத்துக்கு 150, சின்னப் பேத்தி டியூஷனுக்கு 100. மிச்சம் 200 சுருக்குப் பைக்குள்ள போயிடும், வெத்தல சீவல் அதுலதான். வேலையில்லாத மாசத்துல வீட்டுக்குள்ள தவறாம வர்ற காசு அது ஒண்ணுதாங்க. மேட்டூர் தண்ணி வர லேட்டானா நடவு தள்ளிப் போகும், கூலி தள்ளிப் போகும், குழு தவணை மட்டும் தள்ளிப் போகாது.

இத எழுத வந்த காரணம் வேற. முன்னாடி ஏடிஎம் கார்டு சித்தப்பாகிட்டதான் இருந்துச்சு. அப்பாயி கேக்கும், பணம் வந்துடுச்சாப்பான்னு. இன்னும் வரலம்மான்னு சொல்லுவாரு. நான் ஒரு தடவ லீவுக்கு வந்தப்ப பாஸ்புக்க என்ட்ரி போட்டுப் பாத்தா நாலு மாசமா மாசாமாசம் எடுத்துருக்கு. சித்தப்பா குடிகாரர் இல்ல, வண்டி தவணைக்குக் கட்டிட்டாரு. அப்பாயி சண்ட போடல, "கேட்டா குடுத்துருப்பேன்ல"ன்னு மட்டும் சொல்லுச்சு, அந்த ஒரு வார்த்த இன்னும் என்னால மறக்க முடியல. காசு அதே வீட்டுக்குத்தான் போச்சு, ஆனா குடுக்குற கை அதோட கையா இல்லாமப் போயிடுச்சு. இப்ப கார்டு, பாஸ்புக் ரெண்டும் அதோட ட்ரங்கு பெட்டியில.

உங்க வீட்ல எப்படின்னு சொல்லுங்க.

தலைஞாயிறு அக்கா:

எங்க மாமியாருக்கு ரெண்டு மகன், எங்க வீட்ல ஒரு மாசம், கொழுந்தனார் வீட்ல ஒரு மாசம். எந்த வீட்ல சோறு திங்கிறாங்களோ அந்த வீட்டுக்குப் பணம்னு ஒரு கணக்கு. கேக்க நியாயமாத் தெரியும், ஆனா பணம் ரெண்டு மாசம் சேந்து வந்தா அது யாருதுன்னு பெரிய சண்ட. கடைசியில அவங்களே சாய்ப்புல தனி அடுப்பு வச்சுக்கிட்டாங்க, ஓஏபிக்கு ரேஷன்ல கெடைக்கிற இலவச அரிசி இருக்கு, மீன் வாங்குன அன்னிக்கு நான் கொழம்பு குடுத்துடுவேன். மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிப் போட்டப்ப வீட்ல ஓஏபி வருதுன்னா கெடையாதுன்னாங்க, மாமியார் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசவே சங்கடப்பட்டாங்க பாவம், என்னாலதானே ஒனக்கு வரலன்னு. அப்புறம் 2023 ஆகஸ்ட்ல அந்த விதியத் தளத்துனாங்க, இப்ப எனக்கும் 1000 வருது.

பாபநாசம் தம்பி:

1962ல இந்த ஓஏபி திட்டம் வந்தப்ப மாசம் 20 ரூபா. 2011ல 500 இருந்தத 1000 ஆக்குனாங்க, அதுக்கப்புறம் 1200 ஆக 2023 வரைக்கும் காத்திருந்தோம். மத்திய அரசு திட்டத்துல வர்றவங்களுக்கு 79 வயசு வரைக்கும் அவங்க பங்கு வெறும் 200 ரூபா, மிச்சமெல்லாம் மாநிலம் போடுறது. அந்த 200 இத்தன வருஷமா ஏறவே இல்ல, நெனச்சா ஆத்தாமையா இருக்கு.

இன்னொன்னு, அரசு உத்யோகத்துல இருந்தவங்க பென்ஷன் மாதிரி இது வீட்டுக்காரருக்கோ பொண்டாட்டிக்கோ போகாது, ஆள் போனா பணமும் நின்னுடும். எங்க தெருவுல ஒரு ஆயா எறந்தப்ப பதினாறாம் நாள் காரியம் முடியிறதுக்குள்ளயே மளிகைக் கடைக்காரரு அந்த வீட்டுக்குக் கடன் குடுக்குறத நிறுத்திட்டாரு. ஆயா இருந்த வரைக்கும் அந்தப் பணத்த நம்பித்தான் கடன் குடுத்துருக்காருன்னு அப்பதான் எங்களுக்கே புரிஞ்சுது.

தலைஞாயிறு அக்கா:

தம்பி கோட்டூரு, மாமியாருக்கு ஓஏபி பணம் குடுக்குற மிஷின்ல கைரேக விழ மாட்டேங்குது, மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பாயிக்கு எப்படி எடுக்குறீங்க?

கோட்டூர்க்காரன்:

அக்கா அப்பாயிக்கும் அதே கததான், நாத்துப் பறிச்சுப் பறிச்சு ரேகையே தேஞ்சு போச்சு, பெருவெரல் சுத்தமா விழாது. பத்து வெரலயும் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அப்பாயிக்கு எடது கை மோதிர வெரல்தான் விழுது. வைக்கிறதுக்கு முன்னாடி ஈரத் துணியால நல்லாத் தொடச்சுடுங்க. அதுக்கும் விழலன்னா பாஸ்புக்கோட பேங்குக்கே கூட்டிட்டுப் போங்க, வித்ட்ராயல் ஃபாரத்துல எடுக்கலாம். மிஷின் கொண்டு வர்றவங்க 50 ரூபா கேட்டா குடுக்காதீங்க, எங்ககிட்ட ஒருத்தர் ஆறு மாசம் வாங்கிட்டாரு. முக்கியமா மாமியாரயும் கூட்டிட்டுப் போங்கக்கா, பணத்த அவங்களே கையில எண்ணி வாங்கட்டும்.