புதுப்பிப்பு: ருவாண்டா பூங்காக்கள் – போய் வந்தாச்சு

ருவாண்டா போனால் கொரில்லா பார்ப்பது மட்டும் போதுமா, நியுங்வே, அககேரா பூங்காக்களையும் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மூன்றையும் பார்த்துவிட்டேன்.

முதலில் பணம். வொல்கேனோஸ் பூங்காவில் கொரில்லா அனுமதிச்சீட்டு வெளிநாட்டவருக்கு 1500 டாலர். 2017-இல் 750-இலிருந்து ஒரேயடியாக இரட்டிப்பாக்கிவிட்டார்கள். அதற்குக் கிடைப்பது கொரில்லாக்களோடு ஒரே ஒரு மணி நேரம். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேருக்குத்தான் இடம். காலையில் பூங்கா அலுவலகம் இருக்கும் கினிகியில் கூடி, யார் எந்தக் குடும்பத்தைப் பார்ப்பது என்று அங்கேயே பிரிக்கிறார்கள். முழங்கால் வலி இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். அருகில் இருக்கும் குடும்பமாகப் பார்த்துத் தர முயல்வார்கள். காஞ்சொறி மாதிரிச் செடி வழியெல்லாம் உண்டு, கையுறை அவசியம். சுமைதூக்கி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், சேற்றில் ஏறும்போது பைக்கு மட்டுமல்ல, நமக்கும் அவர்தான் துணை.

ஆனால் என் மனதைப் பிடித்தது நியுங்வேதான். 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய மலைக்காடு. அதில் உவின்கா என்ற இடத்தில் மரஉச்சிகளுக்கு நடுவே தொங்குபாலம், தரையிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரம். மழை பெய்தால் அங்குள்ள சிம்பன்சிகள் கண்ணில் படுவது சிரமம், பாலம் மட்டுமே போதும் என்பேன்.

அககேரா கிழக்கே சமவெளிப் பக்கம், சஃபாரி. 1994 இனப்படுகொலைக்குப் பின் இங்கே சிங்கங்கள் அழிந்துபோயின, மீண்டும் சிங்கங்களை 2015-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

அப்புறம், பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: கொரில்லாவுக்கு 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். சின்னவர்கள் என்றால் அககேராவுக்குக் கூட்டிப்போங்கள். பெட்டியில் பிளாஸ்டிக் பை வேண்டாம், ருவாண்டாவில் தடை.