உதவி: பழைய லீ-என்ஃபீல்ட் ரைஃபிளில் .308 ரவுண்டு (தோட்டா) போடலாமா?

தேக்கா_தம்பி:
அவசரம். நாளை மறுநாள் பெர்த் கிளம்புறேன். அங்கே மாமாவிடம் ஒரு லீ-என்ஃபீல்ட் இருக்கு, லைசென்ஸ் அவர் பேரில். கடையில் .308தான் கிடைக்குதாம். போடலாமா?

தெம்பனிஸ்_வாசி:
எந்த மாடல்? .303ஆ, .308இன் ராணுவ வடிவமான 7.62ஆ?

ஈசூன்88:
போல்ட்டுக்கு (ரவுண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கீழே, மரக்கட்டை இரும்பில் சேரும் இடத்தில், வலது பக்கம் என்ன பொறிச்சிருக்கு? .303 என்றால் இங்கேயே நிறுத்திக்கலாம்.

தேக்கா_தம்பி:
மாமா படம் அனுப்பினார். 7.62 எம்எம் 2ஏ1, 1967.

ஈசூன்88:
அப்போ இந்தியாவின் இஷாப்பூரில் செய்தது. .303ஐப் பிறகு மாற்றியதில்லை, தொழிற்சாலையிலேயே 7.62க்காகச் செய்தது. இது முக்கியம்: சிஐபி (சர்வதேசத் துப்பாக்கிச் சோதனை அமைப்பு) கணக்கில் .303க்கு உச்ச அழுத்தம் 3650 பார், .308க்கு 4150.

தெம்பனிஸ்_வாசி:
இருந்தாலும் ஆபத்துதான். நேட்டோவின் 7.62 ரவுண்டு 50,000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), .308 62,000. 12,000 கூடுதல்!

பழைய_பட்டாளம்:
அளவுமுறை தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிடாதீங்க. அந்த 50,000 பிஎஸ்ஐ இல்லை, சியூபி. செம்பு உருளை எவ்வளவு நசுங்குது என்று பார்த்து அளந்தது. 62,000 பியசோ (மின்) உணரியில் அளந்தது. .308ஐயும் செம்பிலேயே அளந்தால் 52,000. இதை எத்தனை தடவைதான் சொல்வது?

ஜூரோங்_குரு:
அழுத்தத்தை விட லக்கைப் (போல்ட்டைப் பூட்டும் புடைப்பு) பாருங்க. மாவுசர் ரைஃபிளில் லக் போல்ட்டின் முன்னால், இதில் பின்னால். சுடும்போது போல்ட் அமுங்கும், ரிசீவர் (போல்ட் ஓடும் கூடு) இழுபடும், ஷெல்லும் (ரவுண்டின் உலோக உறை) சேர்ந்து நீளும். சுட்ட ஷெல்லில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளன்னு வளையம் தெரியுதா? மெல்லிய கம்பியின் நுனியை வளைச்சு உள்ளே விட்டு வருடினால் அதே இடத்தில் பள்ளம் தட்டுப்படும். தட்டினால் அடுத்தது ஷெல் இரண்டாகப் பிரிவதுதான். சேம்பரில் (ரவுண்டு உட்காரும் அறை) எண்ணெயும் இருக்கக்கூடாது. ஷெல் சுவரைப் பிடிக்காமல் மொத்த உதையும் போல்ட்டில் விழும்.

செங்காங்_சிவா:
ராணுவ 5.56 சேம்பரில் அதன் கடை வடிவமான .223 போடலாம், திருப்பிப் போடக்கூடாது. அதே விதிதானே இங்கேயும்?

பழைய_பட்டாளம்:
கலக்காதே தம்பி. அங்கே வித்தியாசம் ரைஃப்ளிங் (குழலுக்குள் இருக்கும் சுருள் வரி) தொடங்கும் தூரத்தில். இங்கே ஹெட்ஸ்பேஸில், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் ஷெல்லின் தோள் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தில். ராணுவ 7.62 சேம்பர் கொஞ்சம் நீளமா இருக்கும், நேட்டோ ஷெல் தடிமன் என்பதால் தாங்கும். கடை .308 ஷெல் பொதுவா மெல்லிசு.

செங்காங்_சிவா:
அண்ணே, சார் 21 (நம்ம சிங்கப்பூர் ராணுவ 5.56 ரைஃபிள்) சேம்பர் மட்டும்...

பழைய_பட்டாளம்:
அதுக்குத் தனி இழை போடு.

ஈசூன்88:
தேக்கா தம்பி, முதலில் மாமா கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்து, ஹெட்ஸ்பேஸை அளக்கும் கேஜ் வைக்கட்டும். .308 அளவுகள்: கோ (போல்ட் மூடணும்) 1.630 அங்குலம், நோ-கோ (மூடக்கூடாது) 1.634, ஃபீல்ட் (கடைசி எல்லை) 1.638. எக்ஸ்ட்ராக்டரை (ஷெல்லை வெளியே இழுக்கும் கொக்கி) கழற்றி, விரல் நுனியால் மட்டும் போல்ட்டை இறக்கணும். அமுக்கினால் இரும்பு வளைஞ்சு பொய் சொல்லும். நோ-கோவில் மூடினாலே கடை .308ஐ ஒதுக்கிடுங்க. ஃபீல்டிலும் மூடினால் எதையும் சுடவேண்டாம்.

ஜூரோங்_குரு:
ரவுண்டு பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் விடாதீங்க. வெடிமருந்து சூடானால் அழுத்தம் ஏறும். ஒரு காலி ஷெல்லைக்கூட நினைவுக்கு என்று பையில் போட்டுச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டு வராதீங்க.

தேக்கா_தம்பி:
கேஜ் வச்சாச்சு. ஃபீல்டிலேயே மூடிடுச்சாம். சுடலை. நன்றி எல்லாருக்கும்.

ஈசூன்88:
நல்ல முடிவு. எந்த ஃபீல்ட்? 1.638ஆ, ராணுவ 7.62க்கான 1.6455ஆ? முன்னதில் மட்டும் மூடினால் கதையே வேறு.

ஈசூன்88:
தம்பி?