பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தை ஊரே எடுத்து நடத்தலாமா?

கொண்டல்:
எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. அப்பா காலத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுக் கட்டிய சமுதாயக் கூடம் ஒன்று உண்டு. பிறகு அது பஞ்சாயத்துப் பேருக்குப் போனது. ஏழெட்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தோம். கதவின் அடித்தகரம் உப்புக்காற்றில் துருவேறி, காலால் தட்டியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே கிழிந்த வலையும் ஆட்டுப் புழுக்கையும்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் 61 நாளும் கரையில்தான் இருப்பார்கள். அந்த நாட்களில் நாங்களே கூட்டி, பூசி, வெள்ளையடித்து, அப்புறம் முறை வைத்து நடத்தலாம் என்கிறேன். ஒரு வளைகாப்புக்குக்கூட வேன் பிடித்து இராமநாதபுரத்தில் உள்ள கல்யாண மண்டபத்துக்குப் போகிறோம். வாடகை கட்டவே கடன் வாங்குகிற வீடுகள் உண்டு. உங்கள் ஊரில் செய்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்காடு:
தம்பி, நல்ல மனசு. ஆனால் நான் இதை எதிர்க்கிறேன். சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊரிலும் இப்படித்தான் ஆரம்பித்தோம். முதல் வருடம் முப்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். மூன்றாம் வருடம் நானும் இன்னொருவரும்தான். கல்யாணத்துக்குச் சாவி கேட்டு ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டுவார்கள். மறுநாள் எச்சில் இலையை அள்ள ஒருவரும் வரமாட்டார்கள்.

அது பஞ்சாயத்துக் கட்டடம். பராமரிப்பது அவர்கள் கடமை. கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறிலும் எழுந்து கேளுங்கள், தீர்மானம் போடச் சொல்லுங்கள். நீங்களே பூசிவிட்டால், அப்புறம் ஒரு பைசா ஒதுக்கமாட்டார்கள்.

கொண்டல்:
கேட்காமல் இல்லை அண்ணே. 'நிதி வந்தால் பார்க்கலாம்' என்பதே பதில். 2025 ஜனவரியோடு நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பஞ்சாயத்து அரசு போட்ட தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது. ஊர் முகமே தெரியாதவரிடம் போய் என்ன கேட்பது?

சோழகம்:
கட்டட வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வெள்ளையடிப்பதற்கு முன்னால் சுத்தியல் எடுத்துக் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொதபொதவென்று கேட்டால் உள்ளே காரை விட்டுப்போயிருக்கிறது.

நம் கரையோரத்தில் பழைய கட்டடங்கள் பலவற்றிலும் கடல்மணலும் உப்புத்தண்ணீரும் கலந்திருக்கும். உப்பு ஏறினால் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் வேண்டும், அது பூரித்துக் காரையைத் தள்ளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசுவது புண்ணின் மேல் துணியைப் போர்த்துவது மாதிரி. துருவைச் சுரண்டி எடுக்காமல், தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டாமல் பூசினால் இரண்டு மழைக்குத் தாங்காது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை தலையில் விழும். இது தடைக்காலத்தில் ஊர்ப்பையன்கள் செய்கிற வேலை இல்லை. பொறியாளர் பார்க்கவேண்டும்.

பணத்துக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதி அரசு தரும். பனங்காடு அண்ணன் சொல்வதும் கொண்டல் சொல்வதும் அங்கே சேரும்.

கச்சான் (சிங்கப்பூர்):
எதற்கு இத்தனை பாடு? ஐந்து வருடத்துக்குக் குத்தகைக்கு விடுங்கள். எடுப்பவன் ஏசி போடுவான், ஜெனரேட்டர் வைப்பான். இங்கே இருக்கிற நம்மூர்ப் பையன்களிடம் நானே பணம் திரட்டித் தருகிறேன்.

கொண்டல்:
மச்சான், குத்தகைக்காரர் போட்ட பணத்தை எடுக்கத்தானே பார்ப்பார்? பெரிய கல்யாணத்துக்குத்தான் கதவு திறக்கும். பிள்ளைகள் சாயங்காலம் படிக்க உட்கார முடியாது.

பாசிக்கரை:
நான் மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம். பெண்கள் கடற்பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற ஊர். மதியம் கரையேறினால் ஈரத்துணி மாற்ற மறைவிடம் கிடையாது. ஊர்க் கூடம் இருந்தும் அதில் கழிப்பறை இல்லை. கட்டியவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். அதனால் நாங்கள் கூடத்தைக் கையில் எடுத்தபோது முதல் வேலை கழிப்பறைதான். தண்ணீர் தள்ளுவண்டியில் குடம் குடமாக வந்தது. இப்போது தொட்டி இருக்கிறது.

தொண்டர்களை மட்டும் நம்பாதீர்கள். எங்களிடம் கூட்டிப் பெருக்க ஒரு பாட்டி இருக்கிறார், வாடகையில் முதல் செலவு அவர் சம்பளம். பாக்கிதான் விளக்குக்கும் பூச்சுக்கும். ஓசியில் யாரும் வருடக்கணக்காகக் கழிப்பறை கழுவமாட்டார்கள், கழுவச் சொல்வதும் நியாயமில்லை.

2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் தண்ணீர். அன்று ராத்திரி கூடத்தைத் திறந்து கஞ்சி காய்ச்சினோம். யாரிடம் சாவி என்று தேடவேண்டியிருக்கவில்லை. மூன்று வீட்டில் மூன்று சாவி, ஒவ்வொன்றிலும் வலை மிதவைத் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறோம். இருட்டில் கை வைத்தாலே தெரியும்.

கீழத்தெரு:
ஒரு கேள்வி. கொண்டல் 'ஊர்' என்கிறாரே, அந்த ஊரில் எங்கள் தெரு உண்டா? அதே ஊர்க்காரன்தான் நான். அந்தக் காலத்தில் எங்களிடம் தலைக்கட்டு வரி வாங்கவில்லை. அதைக் காட்டியே கூடத்தில் பந்தி போட விடவில்லை. என் அக்கா கல்யாணத்துக்கு எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டோம், சாப்பாட்டு நேரத்தில் மழை பெய்தது.

பனங்காடு:
இதைத்தான் சொல்ல வந்தேன், வாய் வரவில்லை. பஞ்சாயத்துப் பேரில் இருக்கிறவரை யாரையும் உள்ளே வராதே என்று சொல்லமுடியாது. சொன்னால் சட்டப்படி குற்றம். ஊர்க் கமிட்டி கைக்குப் போனால் பழைய வரி நோட்டை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கொண்டல்:
கீழத்தெருத் தம்பி சொன்னது உண்மை. அந்த நோட்டு என் வீட்டில்தான் இருக்கிறது. அதில் உங்கள் தெரு இல்லை. நேற்று ராத்திரி புரட்டிப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது.

கட்டடம் பஞ்சாயத்துப் பேரிலேயே இருக்கட்டும். வாடகைக்குப் பஞ்சாயத்து ரசீது. நாங்கள் பார்ப்பது தினப்பாடு மட்டும். பாசிக்கரை அக்கா சொன்ன மாதிரி மூன்று சாவி, அதில் ஒன்று உங்கள் தெருவில், உங்கள் தெரு சொல்கிற பெண்ணிடம். முறையும் யோசித்துவிட்டேன்: திங்கள், புதன், சனி விசைப்படகு கடலில் இருக்கும், அன்று நாட்டுப்படகுக்காரர்கள் பொறுப்பு. மற்ற நாள் விசைப்படகுக்காரர்கள்.

பனங்காடு:
மூன்றாம் வருடம் யார் வருவார்கள் என்பதற்கு இன்னும் பதில் இல்லை தம்பி. பாட்டிக்குச் சம்பளம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

கீழத்தெரு:
சாவி அப்புறம். முதலில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் அங்கே நடக்கட்டும். ஆவணியில் என் தங்கைக்கு வைத்திருக்கிறோம்.

கொண்டல்:
நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை சுத்தியலும் ஏணியுமாகக் கூரையைத் தட்டிப் பார்க்கப் போகிறோம். சோழகம் அண்ணே, வரமுடியுமா? நீயும் வா தம்பி.

சோழகம்:
ஏழு மணிக்கு வருகிறேன். தலைக்கவசம் கொண்டுவருகிறேன், அடியில் யாரும் நிற்கவேண்டாம்.